எட்டு விநாடிச் சிரிப்பு

இரண்டு மாதத்துக்கு முன்னால், நீங்கள் ரீல் வெட்டுகிற ஸ்டூடியோவுக்கு வந்திருந்தேன், ஞாபகம் இருக்கும். பழைய ஆள் ஒருவன் வந்திருக்கிறானே என்று மரியாதைக்கு ஒரு நாற்காலி போட்டு டீயும் உளுந்த வடையும் வாங்கிக் கொடுத்தீர்கள். நான் வடையைத் தின்றுகொண்டிருக்க, நீங்கள் ஆறு பேரும் சண்டை போட்டீர்கள். மதுரையில் தனியாளாக மைக் பிடித்துச் சனத்தைச் சிரிக்க வைத்தவர்களிலேயே பெரிய ஆள் யார்? ஐந்து பேர் சரவெடி குமரேசன் என்றீர்கள். மூலையில் உட்கார்ந்திருந்த தங்கச்சி ஒருத்தி மட்டும் கப்பலூர் சவரி என்றாள். "அந்தாளுக்கு யாரு சிரிச்சா? கிளிப்பப் போட்டுப் பாரு" என்று அவள் வாயை அடைத்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, ரெண்டு பேரையும் எடிட் பண்ணுன ஆளு நீங்கதேன்" என்றீர்கள். நான் டீ ஆறுகிறது என்று சொல்லி மழுப்பிவிட்டு, பாதி வடையோடு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் எதையும் பார்க்காத பழக்கம் உங்களுக்கு. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டு வருஷம் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவன் நான். மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பழகிய மெஷின்களெல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பது வேறு விஷயம். அதில் நான் தோற்றவன். ஜெயித்தவர்கள் சொல்வதைக் கேட்க உங்களுக்கு ஆயிரம் பேட்டி இருக்கிறது. தோற்றவன் சொல்வதையும் ஒரு தடவை கேளுங்கள்.

உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் நான் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு நிமிஷம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. அதற்காகத் திருநகர் பக்கம் ஒரு மாதா கோவில் ஹாலில் சவரிமுத்துவைப் படம் பிடித்தோம். அதுவரை நான் பார்த்த மேடைச் சிரிப்பெல்லாம் ஒரே மாதிரி. நடிகர் குரலில் பேசுவார்கள், பெண்டாட்டியைத் திட்டுவார்கள், குண்டாக இருப்பவரைக் கிண்டல் பண்ணுவார்கள். இந்த மனுஷன் ஒரு காலை இழுத்து இழுத்து வந்து மைக் முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. சம்பளம் வாங்க வந்த ஆள் மாதிரி இருந்தார். கப்பலூரில் ஒரு சின்ன ஃபாக்டரியில் பேக்கிங் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள்.

அவர் பேசியதை அப்படியே தருகிறேன். எனக்கு மனப்பாடம்.

"எங்க கம்பெனி வாசல்ல ஒரு போர்டு. 'விபத்தில்லாத நாட்கள்'னு எழுதி, பக்கத்துல நம்பர் மாட்டுவாக. தெனமும் காலையில ஏணி போட்டு ஏறி அந்த நம்பர மாத்துறது என் வேலை. நூறு நாள் ஆச்சுன்னா ஆளுக்கு அரைக்கிலோ ஸ்வீட்டுன்னு முதலாளி சொல்லியிருந்தாரு. நூறாவது நாள் ஏறுனேன். விழுந்துட்டேன்."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால் ஒடிஞ்சு கெடக்கேன். மொத்த கம்பெனியும் ஓடியாந்துச்சு. ஒரு ஆளும் என்னையப் பாக்கல. எல்லாரும் அண்ணாந்து போர்டப் பாக்குறாக."

இங்கே நிறுத்தினார். நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியும் தலையைத் தூக்கி, இல்லாத போர்டைத் தானும் பார்த்தார்.

"சூப்பர்வைசர் மட்டும் எங்கிட்ட குனிஞ்சாரு. காதுகிட்ட வந்து கேட்டாரு. 'ஏப்பா சவரி, நூற மாட்டிட்டு விழுந்தியா, மாட்டுறதுக்கு முன்னாடியே விழுந்துட்டியா?'"

அம்மாடி! அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கூரை ஓட்டில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்து போயின. எனக்கே கேமரா பக்கத்தில் நிற்க முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் அடங்கிய பிறகும் முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் அடங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. கடைசியில் கையை ஆட்டிக் கத்தினார்: "போதும்டா சவரி!"

சவரியின் அக்கா. பிலோமி டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, படிக்க வைத்த முதல் பிள்ளை. ஏணியிலிருந்து விழுந்த தம்பி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியது அவர்தான். அந்தக் கம்பெனி சவரியை ஒரு கடிதாசி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஹாலில் இருந்தவர்களுக்கு அது ஒரு கதை. டீச்சருக்கு அது ஏழு மாதம். அதனால்தான் அவரால் அப்படிச் சிரிக்க முடிந்தது என்று எனக்கு ரொம்பப் பிந்தித்தான் விளங்கியது.

இனி என் லட்சணத்தைக் கேளுங்கள்.

நாற்பது நிமிஷப் பேச்சு, இருபத்திரண்டு நிமிஷ நிகழ்ச்சி. அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூட வேண்டாத வார்த்தை கிடையாது. அப்போது எதை வெட்டுவது? அவர் சும்மா நின்ற இடங்களை வெட்டினேன். அந்த நான்கு விநாடியையும் வெட்டினேன். நிகழ்ச்சி வெளியான மறுநாள் சவரி பஸ் பிடித்து ஆபீசுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டேப்பை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"தம்பி, நான் கீழ கெடக்கேன்ல?"

"ஆமாண்ணே."

"கொஞ்ச நேரம் கெடக்க விடுங்க தம்பி. விழுந்த மறு நிமிசமே தூக்கி நிப்பாட்டுனா சனத்துக்கு எங்க வலிக்கும்? வலிச்சாத்தான சிரிப்பு வரும்."

அவ்வளவுதான் சொன்னார். டீகூடக் குடிக்கவில்லை. அதன்பிறகு அவர் மௌனத்தில் நான் கை வைக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு நிமிஷம் இருபத்திரண்டு நிமிஷம்தானே? எங்காவது கத்தி விழுந்தாக வேண்டும். அப்போது சனத்தின் சிரிப்பை வெட்ட ஆரம்பித்தேன். நிகழ்ச்சியை மறு ஒளிபரப்புக்குத் திருத்தியபோது, போர்டு கதைக்கு வந்த சிரிப்பை அளந்தேன். பதினொரு விநாடி. மூன்றை அவருக்கு விட்டேன், எட்டை எடுத்துத் தனி டேப்பில் போட்டு வைத்தேன். அப்படி எங்கள் மேசையில் ஒரு டேப் உண்டு. வெட்டிய கைதட்டல், வெட்டிய சிரிப்பு எல்லாம் அதில் கிடக்கும், கேட்பாரற்று.

அடுத்த வருஷம் குமரேசன் வந்தான். சுறுசுறுப்பான ஆள், நல்ல நிறம், வாய் மெஷின் மாதிரி ஓடும். அவனுடைய முதல் நிகழ்ச்சிக்கு ஆள் திரட்ட, எங்கள் ஆட்கள் ஒரு தையல் பயிற்சி வகுப்புப் பெண்களை வேனில் ஏற்றி வந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உட்கார வைத்து மூன்று மணி வரைக்கும் சோறு போடவில்லை. பசித்த வயிற்றோடு யார் சிரிப்பார்கள்? அவன் மாமியார் ஊரிலிருந்து வந்த கதையைச் சொல்லி முடித்துக் கையை விரித்து நிற்கிறான், ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அன்றைக்கே ஆறு மணிக்கு ஒளிபரப்பு. விளம்பரம் கொடுத்த கடைக்காரர் வீட்டில் டிவி முன்னால் குடும்பத்தோடு உட்காரப்போகிறார்.

எங்கள் சீஃப் எடிட்டர் என் தோள் மேல் கை வைத்தார். வேலை கற்றுக்கொடுத்தவர், அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை.

"அந்தச் சிரிப்பு டேப்ப எடுய்யா."

"அது சவரியண்ணே நிகழ்ச்சியில வந்ததுண்ணே."

"சிரிப்புல பேரா எழுதியிருக்கு? போட்டு விடுய்யா, மணி ஆச்சு."

பேர் எழுதித்தான் இருந்தது. டேப்பைப் போட்டால் எட்டாவது விநாடியில் பிலோமி டீச்சர் தெளிவாக, "போதும்டா சவரி" என்கிறார். மணி அஞ்சே கால். எனக்கு மனசு உறுத்தவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். "போதும்டா"வை விட்டுவிட்டு, கடைசி மூன்று எழுத்தை வெட்டினேன். குமரேசனின் மாமியாருக்குக் கீழே அந்தச் சிரிப்பை ஒட்டினேன். பொருந்திப் போனது. அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருக்கிறேனே என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன், வெட்கங்கெட்டவன்.

அந்த ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாம். நெருக்கடியில் எல்லாருக்கும் கை தவறும். ஆனால் ஒரு தடவை வேலைக்கு ஆன தந்திரத்தை எந்த எடிட்டர் விட்டான்? அடுத்த வாரமும் ஒட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒட்டினேன். கம்ப்யூட்டர் வந்தபோது பெயர் வெட்டிய துண்டை மட்டும் அதில் ஏற்றிக்கொண்டேன். பழைய டேப்புகளின் மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டோம். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். சவரியின் பெயரோடு கூடிய அந்தச் சிரிப்பு இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? ஒரு நாள் சீஃப் இரண்டு பேர் நிகழ்ச்சிகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். "சவரிக்குச் சிரிப்பு கம்மியா இருக்கேய்யா. குமரேசனுக்குப் பாரு, அள்ளுது" என்றார். சவரியை நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். "அண்ணே, வெட்டுனது நாந்தேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு இருந்தது. நான் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிற இடத்தில் நாக்குக்கு வேலை குறைவு என்று அன்றைக்குத் தோன்றியது. குமரேசன் சென்னைக்குப் போனான், சினிமாவுக்குப் போனான், கார் வாங்கினான். சவரி கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசினார். மிச்ச நேரம் மிஷன் ஹாஸ்டலில் வாட்ச்மேன்.

ஒரு தடவை திருமங்கலம் போகிற பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் இடம் இருக்கிறது வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். வீட்டு நடப்பெல்லாம் விசாரித்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டார்.

"தம்பி, குமரேசன் நிகழ்ச்சியில ஒரு பொம்பள சிரிக்குது பாருங்க. எங்கக்கா மாதிரியே இருக்கு."

நான் டிக்கெட்டைத் தேடுவது போலச் சட்டைப் பையைத் துழாவினேன்.

"அப்படியாண்ணே? நான் கவனிக்கலையே."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான்கு விநாடி இருக்கும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, சிரிக்கட்டும்" என்றார். திருநகர் ஸ்டாப் வந்ததும் நான் இறங்கிவிட்டேன். தவறைச் சொல்லிவிட இதைவிட நல்ல இடம் யாருக்கும் வாய்க்காது, தம்பிகளா. அவரே கதவைத் திறந்துவிட்டார். நான் படியிறங்கி வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டேன்.

போன வருஷம் தவக்காலத்தில் சவரி இறந்துபோனார். சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், யாரிடமும் பேசாமல் திரும்பினேன்.

இந்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு நகைச்சுவை மன்றத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நினைவுக் கூட்டம் என்றால் கூட்டம் வராதாம். அதனால் பட்டிமன்றமாக வைத்துவிட்டார்கள். 'மதுரையைச் சிரிக்க வைத்ததில் முதலிடம் கப்பலூர் சவரிக்கா, சரவெடி குமரேசனுக்கா?' குமரேசன்தான் சிறப்பு விருந்தினர். செத்தவனுடைய திவசத்தில் அவனுக்கும் இன்னொருத்தனுக்கும் போட்டி வைக்கிற மூளை நம் ஊருக்குத்தான் வரும். இரண்டு பேரையும் எடிட் செய்த எனக்கு மேடையில் பொன்னாடை, இரண்டு நிமிஷம் பேச்சு.

அதற்கு முந்தின வாரம் பிலோமி டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்குகிற வயசு. ஆட்டோவிலிருந்து இறங்கி, வாசல்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து குமரேசன் கிளிப் ஒன்றைப் போட்டார். மாமியார் கதை. சிரிப்பு. மூச்சை இழுத்து இழுத்து ஒரு பெண்ணின் சிரிப்பு. "போதும்டா!"

அந்தச் சத்தம் இப்போது உங்களிடையே பிரபலம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கீழே எழுதியிருந்ததை டீச்சர் எனக்கு வாசித்துக் காட்டினார். 'போதும்டா அக்கா ரசிகர் மன்றம்', 'அந்த அக்கா யாருப்பா, குமரேசனோட வெறித்தனமான ரசிகை போல.'

"இது நான்தான, தம்பி?"

"ஆமா டீச்சர்."

"அந்த ஆளு பேசி நான் ஒரு நாளும் நேர்ல கேட்டதில்ல. சவரி சொல்லுவான், 'அக்கா, ஒஞ் சிரிப்பு டிவியில வருதுக்கா'ன்னு. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்." போனை மறுபடியும் போட்டார். "போதும்டா வரைக்கும் இருக்கு. சவரின்னு சொன்னேனே, அது எங்க போச்சு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு விநாடி, மூன்று, எட்டு. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கணக்கு டீச்சர். விரலை மடக்கிச் சரி பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. குமரேசன் பொழைக்கட்டும், நல்லா இருக்கட்டும். அன்னைக்கு மேடையில ஏறி, இந்தச் சிரிப்பு சவரிக்குச் சிரிச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவன் பேரோட சொல்லுங்க. நான் முன்னாடி வந்து உக்காந்திருப்பேன்."

"சத்தியமாச் சொல்றேன் டீச்சர்" என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

சனிக்கிழமை பகல் மூன்று மணி. ஒரு கல்லூரி அரங்கம், நல்ல கூட்டம். மேடையில் ஒரு ஓரமாகச் சவரியின் படம், அதற்குச் சம்பங்கி மாலை. குமரேசன் அணியில் பேசிய ஒருவர் திரையில் இரண்டு கிளிப் போட்டார். முதலில் சவரியின் போர்டு கதை. போனில் விநாடி எண்ணிக் காட்டினார்: மூன்று. பிறகு குமரேசனின் மாமியார்: எட்டு. "நடுவர் அவர்களே! மூணு பெருசா, எட்டு பெருசா?" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்த எட்டும் இந்த மூன்றின் மிச்சம் என்று தெரிந்த ஆட்கள் அந்த அரங்கத்தில் இரண்டு பேர். ஒருவர் முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் பொன்னாடையோடு மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

சொல்லத்தான் போனேன், நம்புங்கள். மைக்கைப் பிடித்து முதல் வார்த்தையாக உண்மையைத்தான் சொன்னேன்.

"குமரேசன் தம்பிக்குச் சிரிச்சது சனம் இல்ல. நாந்தேன்."

அரங்கம் சிரித்தது.

இங்கே கவனியுங்கள். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர்களுக்கு வந்த சிரிப்பை வெட்டி ஒட்டியவன் நான். எனக்கென்று ஒரு ஆள் சிரித்து நான் கேட்டதில்லை. அது காதில் விழுந்ததும் உடம்புக்குள் ஏதோ ஏறியது. அடுத்த வார்த்தை டீச்சரிடம் சத்தியம் பண்ணிய வார்த்தையாக இருந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நிறுத்தினேன். மேலே அண்ணாந்து பார்த்தேன். நான்கு விநாடி.

"பாட்டுக்குப் பின்னணி பாடுறாக. சிரிப்புக்குப் பின்னணி யாருன்னு இந்த ஊர்ல ஒருத்தனாச்சும் கேட்டானா?"

அதிர்ந்தது அரங்கம். குமரேசன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினான். பின்வரிசையில் விசில். எனக்கு இன்னொன்று வந்தது, அதற்கடுத்து இன்னொன்று. சோறு போடாத தையல் வகுப்பைச் சொன்னேன், விளம்பரக் கடைக்காரரைச் சொன்னேன், எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்கள். டீச்சர் முகத்தை ஒரு முறை பார்த்தேன். சிரிக்காமல், வாய் லேசாகத் திறந்து, வரப்போகிற ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டிருந்தார். இதோ சொல்லிவிடலாம், இந்த ஒரு ஜோக்கை முடித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நடுவர் மணியை அடித்துவிட்டார். "அண்ணே, நீங்க இன்னும் பேசுனீங்கன்னா முதலிடத்த உங்களுக்கே குடுக்க வேண்டி வரும்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. மைக்கை அடுத்தவர் வாங்கிக்கொண்டார்.

சவரி என்ற பெயரை நான் சொல்லவே இல்லை. முதல் தடவை அதை டேப்பில் வெட்டினேன். இரண்டாவது தடவை வாயிலேயே வெட்டிவிட்டேன்.

தீர்ப்பு குமரேசனுக்குத்தான், உங்களுக்கே தெரியும். கீழே இறங்கியதும் குமரேசன் கட்டிப்பிடித்தான். நான் அவன் காதில் சொன்னேன், "தம்பி, நான் மேடையில சொன்னது நெசம். அன்னைக்கு ஒனக்கு ஒருத்தரும் சிரிக்கல." அவன் என் முதுகைத் தட்டினான். "அண்ணே, கலக்குறீகண்ணே! அன்னைக்குச் சனம் சிரிச்சது இன்னும் என் காதுக்குள்ள கெடக்குண்ணே." அவன் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அத்தனை வருஷம் டிவியில் கேட்டுக் கேட்டு அவனுக்கு அது நடந்த விஷயமாகவே ஆகிப்போயிருந்தது. நான் ஒட்டிய ஒட்டு அவ்வளவு பிரமாதம்.

டீச்சரை வாசலில்தான் பிடித்தேன். வெயிலில் ஆட்டோவுக்கு நின்றார்.

"டீச்சர், சொல்ல வந்தேன். மணி அடிச்சுட்டாக."

அவர் கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கணக்குப் போட்டவனைப் பார்ப்பது போலக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாச் சிரிக்க வச்சீங்க தம்பி" என்றார். "நடுவுல நிப்பாட்டி மேல பாத்தீங்கல்ல? அப்படியே சவரிதேன்."

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டு, சேலைத் தலைப்பை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாரேன்" என்று சொல்லவில்லை.

பிறகு இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. வாங்க தம்பி, உக்காருங்க என்றார். காப்பி கொடுத்தார். மழை, ரேஷன், முழங்கால் வலி எல்லாம் பேசினார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆரம்பித்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

சரி, உங்கள் சண்டைக்கு வருகிறேன். யார் பெரிய ஆள்? மூலையில் உட்கார்ந்திருந்த அந்தத் தங்கச்சி சொன்னதுதான் சரி. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. நானே அழித்துவிட்டேன். நீங்கள் கிளிப்பை வைத்து அளப்பீர்கள். கிளிப்பை நான் செய்தேன். சிரிப்பின் நீளத்தை வைத்து ஒரு மனுஷனை எடை போடுவதற்கு முன்னால், அந்தச் சிரிப்பை எவன் வெட்டினான், எங்கிருந்து எடுத்தான் என்று கேளுங்கள். மேசையில் உட்கார்ந்திருப்பவன் நீங்களாக இருந்தால் முதலில் உங்களையே கேளுங்கள். அவசரத்தில் ஒரு பெயரை வெட்ட ஒரு நொடி போதும். திருப்பி ஒட்ட நான் பட்ட பாட்டைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள்.

இன்னும் ஒன்று, அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பட்டிமன்றத்தில் நான் பேசியதை வெட்டி, போன வாரம் ஒரு ரீல் வந்திருக்கிறது. 'எடிட்டர் அண்ணன் அதகளம்' என்று தலைப்பு. உங்கள் ஸ்டூடியோவில் செய்தது. உங்கள் ஆறு பேரில் யார் என்று நான் கேட்கமாட்டேன். நல்ல கைவேலை. என் மௌனத்தில் கை வைக்காமல் நான்கு விநாடியையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஆனால் அரங்கத்துச் சிரிப்பு உங்கள் மைக்கில் சரியாக ஏறவில்லை போல. அதனால் எங்கிருந்தோ ஒரு சிரிப்பை எடுத்து எனக்குக் கீழே ஒட்டியிருக்கிறீர்கள். மூச்சை இழுத்து இழுத்து, கடைசியில் "போதும்டா!"

அதை எடுத்துவிடுங்கள் தம்பி. அந்தம்மா அன்றைக்கு முன்வரிசையில்தான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.